பக்கத்தின் அடியில் ஒரு பிரசவம்

ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பள்ளியில் சேர்க்கும்போது வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். இப்படிப்பட்டவள் இணையதளம் கட்டும் வேலைக்குப் போகிறேன் என்றபோது அவளுடைய அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தான். "உட்கார்ந்த இடத்துல செய்யற வேலைடி அது. உனக்கா?" ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் ஆளே வேறு. கால் மட்டும் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருக்கும். மற்றபடி தலைக்கு மேல் கூரை பிய்த்துக்கொண்டு போனாலும் கையில் எடுத்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அண்ணனின் மனைவி மீன் காட்சியகத்தில் பராமரிப்பாளர். தொட்டிகளுக்குத் தீனி போடுவது, தண்ணீர் மாற்றுவது, நோய் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. காட்சியகத்தின் பழைய இணையதளத்தில் இரண்டு மங்கலான படங்களும் வேலை செய்யாத ஒரு பொத்தானும்தான் இருந்தன. புதிதாக ஒன்று கட்ட வேண்டும் என்று மேலாளர் சொன்னதும், அண்ணி வாயிலிருந்து வந்த முதல் பெயர் பம்பரம்தான்.

மேலாளரின் அறை பெரிய தொட்டிகளுக்குப் பின்புறம் இருந்தது. மோட்டார்கள் எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும். தரை எப்போதும் ஈரம். மேசைமேல் மடிக்கணினியை வைத்து, "கீழ தள்ளிப் பாருங்க சார்" என்றாள் பம்பரம்.

மேலாளர் விரலால் தள்ளினார். திரையின் உச்சியில் வெயில் பட்ட கடல்மட்டம். கீழே போகப் போகக் கூட்டமாய் நீந்தும் மீன்களும், அவற்றுக்கு நடுவே காட்சி நேரங்களும். இன்னும் கீழே ஆமை. அதற்கும் கீழே நீலம் அடர்ந்து, ஜெல்லி மீன்கள் விளக்குப்போல் மினுங்கின. கடைசியில் ஒரே இருட்டு. இவ்வளவுதானாக்கும் என்று அவர் நினைக்கும்போது அந்த இருட்டின் விளிம்பு மெல்ல மேலே தூக்கிக்கொண்டது. அதன் அடியில், இத்தனை நேரமும் அங்கேயே காத்துக்கொண்டிருந்ததுபோல, மணல் பரப்பும் கடல்புல்லும், புல்லில் வாலைச் சுற்றி நிற்கும் ஒரு கடற்குதிரையும் தெரிந்தன. படமல்ல, நேரலை. கடற்குதிரை கண்ணை உருட்டி அவரைப் பார்த்தது.

"அட!" என்றார் மேலாளர்.

"அது மேல ஏறி வரல சார். அது நின்ன இடத்துலயேதான் நிக்குது. மேல இருந்த பக்கம்தான் விலகுது. போர்வையை இழுத்தா உள்ள படுத்திருக்கற ஆள் தெரியற மாதிரி."

"அழகாத்தான் இருக்கு. ஆனா அடி வரைக்கும் யாரும்மா போவா? நானெல்லாம் ஒரு வெப்சைட்டோட அடியையும் இதுவரைக்கும் பார்த்ததில்ல."

"அங்க எப்பவும் என்ன சார் இருக்கும்? விலாசம், போன் நம்பர், யாரும் படிக்காத பொடி எழுத்து. அதைப் பார்க்க எவன் போவான்? நான் அங்க மாப்பிள்ளையை வெக்கறேன். போறாங்களா இல்லையா பாருங்க."

மாப்பிள்ளை என்பது அந்தக் கடற்குதிரை. அண்ணி வைத்த பெயர். கடற்குதிரைகளில் பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். சுமப்பதும் ஆண், பெறுவதும் ஆண். மாப்பிள்ளைக்கு இப்போது நிறைமாதம். வயிறு பலூன் போல் உப்பியிருந்தது. தினமும் காலையில் அவனுடைய ஜோடி வந்து அவனை ஒரு சுற்றுச் சுற்றி நலம் விசாரித்துவிட்டுப் போவாள். "நம்ம வீட்டு ஆம்பளைங்களைக் கூட்டிட்டு வந்து காட்டணும்" என்று அண்ணி அடிக்கடி சொல்வார்.

மேலாளர் தாடையைச் சொறிந்தார். "சரி. ஒரு வாரம் பார்ப்போம். யாரும் அடிக்குப் போகலன்னா கேமராவைத் தூக்கி உச்சியில வெச்சிடணும். சம்மதமா?"

"சம்மதம்."

பக்கம் விலகும் அந்த வித்தையைத் தன் கணினியிலும், தன் போனிலும், அண்ணனுடைய பலகை போன்ற போனிலும் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். எல்லாவற்றிலும் போர்வை ஒழுங்காக விலகியது. வீட்டுக்குப் போனதும் மேலாளரிடமிருந்து செய்திமேல் செய்தி வந்தது. அடியில் வழி காட்டும் வரைபடம் வேண்டும். பள்ளிக் குழுக்களுக்குத் தனி எண் வேண்டும். விடுமுறை நாள் விவரம் வேண்டும். வாகனம் நிறுத்தும் இடம் மறந்துவிட்டது. ஒவ்வொன்றையும் கடற்குதிரைக்குக் கீழே சேர்த்துக்கொண்டே போனாள். போதாததற்குக் கடைவாய்ப் பல் வலியில் தெறித்துக்கொண்டிருந்தது. ஒரு வழியாக முடித்துத் தளத்தை ஊருக்குத் திறந்துவிட்டுப் படுத்தாள்.

அடுத்த சில நாட்கள் அவளுக்கு நல்லபடியாகப் போகவில்லை. ஆட்கள் வந்தார்கள். ஆமை வரைக்கும் போனார்கள். பலர் ஜெல்லி மீனையும் தாண்டினார்கள். ஆனால் அடியைத் தொட்டவர்கள் தொட்ட வேகத்தில் திரும்பிப் போனார்கள். கடற்குதிரையைப் பார்த்தும் ஒரு மனிதன் நிற்காமல் போவானா? அவளுக்குப் புரியவில்லை. மேலாளர் வைத்த ஒரு வாரக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவும் பல்வலியோடு சேர்ந்து குத்தியது.

அந்த நிலையில்தான் ஒருநாள் காலை பல் மருத்துவமனைக்குப் போனாள்.

சின்ன மருத்துவமனை. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, அதன்மேல் ஒரு கணினி. கன்னம் வீங்கிய லாரி ஓட்டுநர் ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரில் ஒரு கணக்கு டீச்சர், மடியில் விடைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா. பம்பரத்தின் முறை முதலில் வந்தது.

டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. கீழ்த்தாடையில் ஊசியைப் போட்டுவிட்டு, "மரத்துப் போகட்டும். கொஞ்ச நேரம் அசையாம உட்காருங்க" என்று சொல்லி உள்ளறைக்குப் போனார். பம்பரத்திடம் அசையாமல் உட்காரச் சொல்வது காற்றை மூட்டை கட்டச் சொல்வது போலத்தான். கழுத்தில் கட்டிய காகித ஏப்ரனோடு கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாக்கில் பாதி காணாமல் போனது. கீழுதடு யாரோ ஒருவருடைய உதடு போல் தொங்கியது.

அப்போது செய்தி வந்து போன் அதிர்ந்தது. அண்ணி.

"மாப்பிள்ளைக்கு வலி எடுத்துருச்சு!!! நேரலையில் பிரசவம்னு எல்லாருக்கும் போட்டாச்சு. பக்கத்தோட அடிக்குப் போங்கன்னு சொல்லியிருக்கேன்!"

பம்பரம் நாற்காலியிலிருந்து அரை அடி எழும்பினாள். பக்கத்தில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸிடம் போனை நீட்டினாள். "ஹாருங்க சிஸ்டர்! ஹிரசவம்! என் வெஹ்சைட்!"

நர்ஸ் கொஞ்சமும் திகைக்கவில்லை. "பிரசவமா? உங்க வெப்சைட்லயா? இருங்க பார்க்கறேன்." தன் பையிலிருந்து கையடக்கமான ஒரு சின்ன போனை எடுத்தார். முகவரியைத் தட்டினார். விரலால் தள்ளிக்கொண்டே போனார். "கடலு... மீனு... ஐயோ ஆமை, எவ்ளோ அழகு... இருட்டாயிடுச்சு... ஆங், தூக்குது, தூக்குது..." பம்பரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். நர்ஸின் முகம் மலர்வதற்குப் பதிலாகச் சுருங்கியது.

"வால் மட்டும் தெரியுதும்மா."

"ஆ?"

"ஒரு வால். ஒரு புல்லைச் சுத்திட்டிருக்கு. அதுக்குக் கீழ விலாசம், மேப்பு, வண்டி நிறுத்தற இடம். மீதி உடம்பு எங்க?"

பம்பரம் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். திரையின் உச்சியில் ஒரு சுண்டுவிரல் அகலத்துக்கு வாலின் நுனி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மேலே தள்ளினால் இருட்டுப் பக்கம் இறங்கி வாலையும் மூடியது. கீழே தள்ளினால் மறுபடி வால். அவ்வளவுதான்.

நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. அடிப்பகுதி திரையின் கீழ்விளிம்போடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. அதுதான் அந்த வித்தையின் சூட்சுமம். மேலாளர் கேட்டதையெல்லாம் சேர்த்ததில் அது வளர்ந்து, சின்ன போன்களின் திரையைவிட உயரமாகிவிட்டது. கட்டிலைவிட நெட்டையான ஆளைப் படுக்க வைத்தால் கால் தெரியும், தலை சுவருக்குள் போய்விடும். கடற்குதிரை இருந்தது அந்தத் தலைப்பக்கம். பெரிய திரையில் பார்த்த அவளுக்கு முழுதாய்த் தெரிந்தது. ஊரில் பெரும்பாலோருக்கு இத்தனை நாளும் வெறும் வால். நிற்காமல் திரும்பிப் போனதில் என்ன ஆச்சரியம்!

போன் அலறியது. மேலாளர்.

"என்னம்மா இது? டிக்கெட் கவுன்ட்டர் போன் ஓயவே மாட்டேங்குது. வால் தெரியுது, வால் தெரியுதுங்கறாங்க. ஒருத்தர், இது பல்லியோட பிரசவமான்னு கேட்கறார்!"

"ஆர், கொஞ்ஞம் இருங்க, நான் இஹ்போவே..."

"யார் பேசறது? பம்பரத்துகிட்ட குடுங்க!"

நர்ஸ் போனை வாங்கிக்கொண்டார். "சார், அவங்கதான் பேசறாங்க. வாய் மரத்திருக்கு. இப்பவே சரி பண்றேங்கறாங்க." போனை வைத்துவிட்டு, "பதினஞ்சு வருஷமா இந்த பாஷையைத்தான் கேட்டுட்டிருக்கேன்" என்றார். "என்ன வேணும், சொல்லுங்க."

"கஹ்யூட்டர்!"

"வெளியில மேசைமேல இருக்கு, வாங்க."

உள்ளறையிலிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். நோயாளி ஏப்ரனோடு ஓடுவதையும், நர்ஸ் பின்னால் ஓடுவதையும் கண்டு கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "மரப்பு இறங்கறதுக்குள்ள வந்துடணும்! இல்லன்னா இன்னொரு ஊசி!"

நோயாளிகளின் பெயர்களைப் பதிவதற்கென்று இருந்த பழைய கணினி அது. தட்டச்சுப் பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்திருந்தன. பம்பரத்துக்கு எழுத்துகள் தேவையில்லை. விரல்களுக்கே வழி தெரியும். தளத்தின் உட்பக்கம் திறந்தது. அண்ணியை அழைத்து, போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"வயிறு இறுகுது பம்பரம்!" அண்ணியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "முன்னால வளையறான், பின்னால வளையறான். முதல் குட்டி எந்நேரமும் வரலாம்."

லாரி ஓட்டுநர் வீக்கத்தை மறந்து நிமிர்ந்தார். "யாருக்குங்க பிரசவம்?"

"மாப்பிள்ளைக்கு" என்றார் நர்ஸ்.

"மாப்பிள்ளைக்கா?"

"கடற்குதிரைங்க. அதுல ஆம்பளைதான் பெத்துக்கணும்."

டீச்சர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்படி ஒரு நல்ல ஏற்பாடு இருக்கா?" என்று பேனாவை மூடினார்.

பம்பரம் தட்டிக்கொண்டே ஏதோ சொன்னாள். நர்ஸ் மொழிபெயர்த்தார். "எல்லாரும் அவங்கவங்க போன்ல இந்தப் பக்கத்தைத் திறங்களேன். எது எதுல எப்படித் தெரியுதுன்னு சொன்னா போதும்." ஓட்டுநர் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு குட்டி போனை எடுத்தார். டீச்சரிடம் நடுத்தர அளவில் ஒன்று. நர்ஸிடம் எல்லாவற்றிலும் சிறியது. பம்பரம் அந்த மூன்றையும் ஒரு முறை பார்த்தாள். தன் மேசைமேல் இவை இருந்திருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது.

முதல் மருந்து சுலபமானது. அடிப்பகுதி உயரமாக இருக்கிறதா, சுருக்கு. எல்லாவற்றையும் திரைக்குள் அடங்கும்படி சுருக்கிச் சேமித்தாள். "ஊடிட்டுத் திறங்க!"

"மூடிட்டுத் திறங்க" என்றார் நர்ஸ்.

ஓட்டுநர் தள்ளிக்கொண்டே போனார். "இருட்டு... தூக்குது... வந்துருச்சும்மா! முழுசா தெரியுது!" கண்ணருகே கொண்டுபோனார். கண்ணைவிட்டுத் தள்ளிப் பிடித்தார். "ஆனா எறும்பு மாதிரி இருக்கே. இதுல குட்டி வந்தா பூதக்கண்ணாடி வெச்சாத்தான் தெரியும்."

பம்பரம் கையை உதறினாள். உண்மைதான். சுருங்கிப்போன கடற்குதிரை, படிக்கவே முடியாத விலாசம். இது வைத்தியமல்ல, ஏமாற்று வேலை.

"முதல் குட்டி!" அண்ணி கத்தினார். "வந்துருச்சு, முதல் குட்டி வந்துருச்சு! நீ பார்த்தியா?"

பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. முன்னறையில் ஒரு நொடி எல்லோரும் அந்தப் போனையே பார்த்தார்கள். "ஒண்ணு போயிடுச்சே" என்று ஓட்டுநர் தன் சொந்தப் பிள்ளையைத் தவறவிட்டவர்போல் முனகினார்.

பம்பரத்தின் கால் மேசைக்கடியில் ஆடுவது நின்றுவிட்டது. அவளைத் தெரிந்தவர்கள் அங்கே இருந்திருந்தால் அதைக் கண்டு பயந்திருப்பார்கள். கண்ணை மூடினாள். கடற்குதிரையையும் விலாசத்தையும் யார் ஒரே கட்டாகக் கட்டச் சொன்னது? ஒட்டி நிற்க வேண்டியது கடற்குதிரை மட்டும். அதைத் திரையைவிட உயரமாகாதபடி வைத்துவிட்டால் போதும். போர்வை விலகும்போது அது முழுதாய்த் தெரியும். விலாசம், வரைபடம், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் தனியாக அதற்குக் கீழே நிற்கட்டும். வேண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொள்வார்கள்.

கட்டைப் பிரித்தாள். இரண்டாக்கினாள். மேலே இருந்ததற்கு ஒரு கட்டளை, கீழே இருந்ததற்கு ஒரு கட்டளை. விரல்கள் பறந்தன. சேமித்தாள். "ஊடிட்டுத் திறங்க!"

மூன்று பேரும் மூடிவிட்டுத் திறந்தார்கள். மூன்று பேரும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"என்ன?"

"வெள்ளையா இருக்கும்மா" என்றார் நர்ஸ். "கடலையே காணோம்."

பம்பரம் நர்ஸின் போனை எட்டிப் பார்த்தாள். வாலாவது தெரிந்துகொண்டிருந்தது, இப்போது அதுவும் போயிற்று. ஊரே திறந்து பார்க்கும் நேரத்தில் வெற்றுத் தாள்! திரையில் வரிகளை மேலும் கீழும் ஓட்டினாள். எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தெரிந்தது. அவசரத்தில் கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை. போனில் அண்ணி, "இன்னும் நாலஞ்சு! பம்பரம், கொத்தா வருது!" என்று கூவிக்கொண்டிருந்தார்.

டீச்சர் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எனக்கு இந்த எழவெல்லாம் ஒண்ணும் தெரியாது. ஆனா இந்த அடைப்புக்குறி, மேல திறந்திருக்கே, இதை எங்கயும் மூடவே இல்லையே? எங்க பசங்க பேப்பர்ல இதுக்கு நான் அரை மார்க் குறைப்பேன்."

பம்பரம் அந்த வரியைப் பார்த்தாள். அடைப்பைப் போட்டாள். சேமித்தாள். திரும்பி டீச்சரின் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு மூன்றாம் முறையாக, "ஊடிட்டு..." என்று ஆரம்பிப்பதற்குள் எல்லோரும் மூடிவிட்டுத் திறந்திருந்தார்கள்.

கடல் வந்தது. மீன்கள் வந்தன. ஓட்டுநர் ஆமையைக்கூட மதிக்காமல் தள்ளிக்கொண்டு கீழே போனார். இருட்டு. விளிம்பு தூக்கியது. அதன் அடியில் முதலில் மணல், பிறகு வால், பிறகு வீங்கிய வயிறு, வளைந்த கழுத்து, கடைசியில் நீண்ட மூக்கோடு தலை.

"வந்துட்டாரு!" ஓட்டுநர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். தலைத்துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது. "முழுசா வந்துட்டாரும்மா! திரை நிறைய நிக்கிறாரு!"

"எனக்கும் தெரியுது!" என்றார் டீச்சர்.

"எனக்கும்!" என்று நர்ஸ் தன் குட்டி போனை எல்லோருக்கும் காட்டினார்.

மாப்பிள்ளை வாலால் புல்லை இறுகப் பிடித்துக்கொண்டான். உடம்பை வில்போல் பின்னால் வளைத்தான். அப்படியே முன்னால் மடங்கினான். வயிற்றுப் பையின் வாய் திறந்து, அதிலிருந்து புகைபோல் ஒரு கொத்து வெளியே பாய்ந்தது. புகையல்ல, குட்டிகள். ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி நீளம். ஒவ்வொன்றுக்கும் அதே வளைந்த கழுத்து, அதே மூக்கு, அதே சுருண்ட வால். அச்சு அசல் அப்பன். பிறந்த கையோடு தலையை நிமிர்த்திக்கொண்டு மிதந்தன. மறுபடி வளைந்தான், மறுபடி மடங்கினான், மறுபடி ஒரு கொத்து.

"அம்மாடி!" என்றார் ஓட்டுநர். அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்கு மூணு பசங்க. ஒண்ணு பொறக்கும்போதுகூட நான் ஊர்ல இல்ல. எல்லாத்துக்கும் ரோட்டுலதான் இருந்தேன்." கன்னத்தைத் தடவிக்கொண்டார். "பெத்துக்கறதுன்னா இப்படியா இருக்கும்?"

"இதைவிட மோசமா இருக்கும்" என்றார் டீச்சர். ஆனால் அவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை மாப்பிள்ளை வளையும்போதும், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவர் உதடு தானாக முணுமுணுத்தது.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். "இது ஆஸ்பத்திரியா, மைதானமா?" என்று அதட்டியவர் நர்ஸின் போனை எட்டிப் பார்த்தார். அதட்டல் பாதியிலேயே நின்றது. கையுறையைக் கழற்றிவிட்டு நர்ஸ் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தனை போடும்?"

"நூத்துக்கணக்குல" என்று போனிலிருந்து அண்ணி பதில் சொன்னார், கேட்டது யாரென்றே தெரியாமல். "இன்னும் முடியல. இங்க வந்திருக்கற ஸ்கூல் பசங்க தொட்டியை விட்டு நகர மாட்டேங்கறாங்க. எல்லாரும் கை தட்டறாங்க, கேட்குதா?"

கேட்டது. பம்பரம் அந்தப் பழைய கணினியின் திரையில் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். இந்த நொடியில் யார் யார் தளத்தின் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று அதில் தெரியும். ஒரு தூண் வரைந்து, மேலிருந்து கீழே புள்ளிகளாகக் காட்டும். இத்தனை நாளும் புள்ளிகள் உச்சியில் மொய்த்து, அடியில் ஒன்றிரண்டு மட்டும் கிடக்கும். இப்போது தூண் தலைகீழாகியிருந்தது. உச்சியில் புதிதாக வந்த புள்ளிகள் நிற்கக்கூட இல்லை. மழைத்துளிபோல் நேரே கீழே இறங்கின. அடியில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து, புள்ளி என்றே சொல்ல முடியாதபடி ஒரே பிழம்பாக ஒளிர்ந்தன. வந்தவர்கள் போகவில்லை. நின்றார்கள்.

அவள் எழுந்து, அந்தச் சின்ன முன்னறையில் ஏப்ரன் பறக்க ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு இன்னொரு சுற்று. நர்ஸ் அவளைப் பிடித்து நிறுத்தாவிட்டால் மேசைமேல் இருந்த பூச்சாடி போயிருக்கும்.

மேலாளர் அழைத்தார். இந்த முறை நர்ஸ்தான் முதலில் எடுத்தார். "சொல்லுங்க சார், நான் மொழிபெயர்ப்பு பேசறேன்."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்றார் மேலாளர். அவர் குரல் அவர் குரலாகவே இல்லை. "எல்லாரும் அடியிலதான் இருக்காங்களாம். மேல ஆளே இல்ல. நானும் இப்ப அடியிலதான் இருக்கேன். தொட்டி என் அறைக்குப் பக்கத்துலதான், எழுந்து போய்ப் பார்க்கலாம். ஆனா போன்ல அந்தப் போர்வை விலகறதைத் திரும்பத் திரும்பப் பார்த்துட்டிருக்கேன். கேமரா அங்கயே இருக்கட்டும். ஆமைக்கும் இப்படி ஒரு அடி கட்ட முடியுமான்னு கேளுங்க."

"ஒரு ஹக்கத்துக்கு ஒரு அடிதான் சார்" என்றாள் பம்பரம்.

"என்ன சொல்றாங்க?"

"யோசிச்சு சொல்றாங்களாம்" என்றார் நர்ஸ், கண்ணைச் சிமிட்டி.

இவ்வளவும் முடிவதற்குள் மரப்பு இறங்கிவிட்டது. டாக்டர் சொன்னபடியே இன்னொரு ஊசி போட்டார். பம்பரம் முணுமுணுக்கவில்லை. பல்லைக் குடையும்போது டாக்டர் நடுவில் இரண்டு முறை நிறுத்தி, "இன்னும் வருதா?" என்று நர்ஸைக் கேட்டார். நர்ஸ் ஒரு கையில் உறிஞ்சுகுழாயையும் இன்னொரு கையில் போனையும் பிடித்துக்கொண்டு, "இன்னும் வருது டாக்டர்" என்றார். வெளியே ஓட்டுநர் யாருக்கோ போன் போட்டு, "அடிக்குப் போடா, அடிக்கு! கடைசி வரைக்கும் தள்ளு! நடுவுல நிக்காதே!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் கோணிய உதட்டோடு பம்பரம் காட்சியகத்துக்குப் போனாள். வாசலில் வழக்கத்துக்கு மாறான கூட்டம். டிக்கெட் கவுன்ட்டரில் ஒரு தம்பதி, "பெத்தவரு எங்க இருக்காரு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். "நேரா போய் இடது பக்கம். ஆனா அவரு இப்ப சாப்பிட்டுட்டிருக்காரு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அண்ணி முழங்கை வரை ஈரமாக நின்றுகொண்டிருந்தார். அண்ணி அந்த ஈரக் கையோடு அவளை அப்படியே கட்டிக்கொண்டார். மாப்பிள்ளை வயிறு ஒட்டி, இளைத்து, புல்லில் தொங்கியபடி நுண்ணிய இறால்களை ஒவ்வொன்றாக உறிஞ்சிக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேலை முடிஞ்சதும் ஆள் பழைய ஆம்பளை ஆயிட்டான் பாரு" என்றார் அண்ணி.

குட்டிகளைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றியிருந்தார்கள். பம்பரம் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். பிடிக்கப் புல் கிடைக்காத ஒரு குட்டி வாலை நீட்டித் துழாவிற்று. பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த இன்னொன்றின் வால் அகப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, குமிழிகள் தள்ளிய பக்கமெல்லாம் சேர்ந்தே சுற்றின. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவ்வளவு நேரம் அவள் ஓரிடத்தில் நின்று அண்ணி பார்த்ததே இல்லை.